ரேகை சாரின் அக்குள் சூடு

கோயமுத்தூரில் காப்பியடிக்க முடியாத பொருள் என்று ஒன்று இதுவரை செய்யப்பட்டதில்லை. ஜெர்மனியில் ஒரு பம்பு பிறந்தால், அடுத்த பொங்கலுக்குள் எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் அதன் தம்பி பிறந்துவிடும். ஜப்பான்காரன் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து யோசித்ததை எங்கள் ஊர் லேத் பட்டறை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அளந்து வைத்துவிடும். “சாம்பிள் இருந்தாக் கொண்டாங்க, செஞ்சுபோடலாமுங்க” என்பதுதான் எங்கள் ஊர் மந்திரம். அந்த ஊரில் இருந்துகொண்டு, காப்பியடிக்கவே முடியாத ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிய ஒரே ஆசாமி ரேகை சார். செய்தும் காட்டினார். அதைக் கெடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் துடியலூரில் ஒரு கம்பெனிக்கு நான் மேனேஜர். முதலாளி பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற ஃபவுண்டரிக்காரர். காலம் மாறுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு எலக்ட்ரானிக்ஸிலும் கால் வைத்தார். நூல் மில்லில், கோனில் நூல் சுற்றும் மெஷினுக்கு ஒரு போர்டு செய்தோம். சுற்ற வேண்டிய நீளம் சுற்றி முடிந்ததும் மெஷினை நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. மில்காரர்களுக்குப் பிடித்திருந்தது. நன்றாக விற்றது. ஒரு மாதம்.

அடுத்த மாதம் அதே போர்டு பாதி விலையில் சந்தைக்கு வந்துவிட்டது. ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து அதிர்ந்துபோனேன். எங்கள் போர்டுக்குப் படம் வரைந்த பையன் மூலையில் தேவையில்லாமல் ஒரு ஓட்டை வைத்துவிட்டான். அந்த ஓட்டைக்கு எந்த வேலையும் கிடையாது. அதையும் அதே மூலையில், அதே அளவில், பயபக்தியோடு போட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரேகை சார் வந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளக் கவரோடு சரி. “ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ரேகை இருக்குதுங்க” என்று வந்த முதல் நாளே வாட்ச்மேனில் தொடங்கி முதலாளி வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மாலைக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அவரை வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். பெரிய படிப்பு படித்தவர், கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு, காரமடையில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு பசங்களுக்கு ஒரே மார்க்கு போடச் சொன்னாங்க. ஒருத்தனுக்கு ஐம்பத்தாறேகால், இன்னொருத்தனுக்கு ஐம்பத்தாறரை போட்டேன். கால், அரையெல்லாம் கூடாதுன்னாங்க. ரெண்டு பசங்களும் ஒண்ணாங்க? ஒண்ணா இல்லாதவங்களுக்கு எப்புடிங்க ஒரே மார்க்கு போடறது?”

நான் முதல் வகுப்பில் தேறிய பொறியாளன். எனக்கே அது நியாயமாகப் பட்டது. குனிந்து பார்த்தேன். அவர் காலில் ஒரு செருப்பு கறுப்பு, இன்னொன்று காப்பிக்கொட்டை நிறம். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“ஜோடின்னு கடைக்காரன் சொல்றானுங்க. கால் ரெண்டும் வேற வேறதானுங்களே?”

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். எழுந்து வராமல் வேலைக்கு எடுத்தேன்.

கம்பெனிக்கு எதிரே ஒரு மெஸ். அதை நடத்திய அம்மணி கையில் இட்லி பூப்போல இருக்கும். ரேகை சார் முதல் நாள் காலையில் தட்டிலிருந்த இட்லியைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மேல்தட்டு, ஓரக் குழிங்க” என்றார். அடுத்ததைத் தூக்கினார். “இது அடித்தட்டு. நடுக் குழி. அந்தக் குழியில ஒரு சொட்டை இருக்குதுங்க, பாத்துக்குங்க.”

அம்மணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். குழி நசுங்கி, சொட்டை இருந்தது.

“ஏனுங் சார், நீங்க சாப்பிட வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?”

“ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே ஆவிங்க அம்மணி. ஆனா ஒரு இட்லி மாதிரி இன்னொரு இட்லி இல்லீங்க. நீங்களே நெனச்சாலும் இதே இட்லிய இன்னொருக்கா ஊத்த முடியாது.”

மெஸ்ஸே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. ஒரு வாரத்தில் ஆட்கள் தட்டோடு வரிசையில் வந்து, “ஏனுங், இது எந்தக் குழிங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கைரேகை ஜோசியருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

ஒரு நாள் காலையில் மெஸ்ஸில் கூட்டம் அதிகம். ரேகை சார் இட்லியைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவுகிற இடத்தில் அம்மணி சொம்போடு நின்றிருந்தார். நான் பின்னால் நின்றேன். ரேகை சார் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“இது உங்க ஊட்டு இட்லி இல்லீங்க அம்மணி. பக்கத்துக் கடையில வாங்குனது.”

அம்மணியின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. மாவு தீர்ந்துபோய், பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து சமாளித்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் சொல்லாமல், அம்மணி தனியாக இருக்கும்போது காதோடு சொன்னாரே, அதை நான் அன்றைக்குக் கவனித்தேன். ஆனால் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, சிப்புக்கு வருகிறேன்.

முதலாளிக்கு அவர் சொல்வது எதுவும் பிடிபடவில்லை. “ஏனுங் சார், ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஒரே அச்சு. அதுல ஊத்துனா எல்லாம் ஒண்ணாத்தானுங்களே வரும்?”

“உங்க ஃபவுண்டரியில ஒரே அச்சுல ஊத்துன ரெண்டு பம்பு, ஒரே சத்தமாங்க போடுது?”

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் ஓடுகிற பம்பின் சத்தத்தை வைத்தே அது எந்த வாரம் வார்த்தது என்று சொல்லக்கூடியவர் அவர்.

பிறகு ரேகை சார் ஒரு வேலை காட்டினார். ஒரு ரேம் சிப்பை எடுத்தார். கணக்கு போடும்போது தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்கிற சிலேட்டு போன்றது அது. கரண்டு போனால் எல்லாம் அழிந்துவிடும். கரண்டு கொடுத்ததும் அதன் ஒவ்வொரு அறையும் ஒன்று பக்கமோ, பூஜ்யம் பக்கமோ தானாகச் சாய்கிறது. அந்த அறைகளையெல்லாம் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளாகத் திரையில் காட்டினார். அணைத்தார். மறுபடி போட்டார். அதே புள்ளிகள். மறுநாள் போட்டார். அதே புள்ளிகள், ஒன்றிரண்டு மட்டும் மாறி.

“தூக்கம் கலைஞ்சு எந்திரிக்கிற மொகமுங்க இது. கொஞ்சம் கண்ணைக் கசக்கும். அதை நாம கண்டுக்கப்படாது.”

அதே பெட்டியிலிருந்து, அதே நம்பர் போட்ட இன்னொரு சிப்பை மாட்டினார். புள்ளிகள் முழுக்க வேறு. நான் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்:

“எந்தப் பக்கம் சாயறதுன்னு இதுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தாங்க?”

“ஆரும் இல்லீங்க. செஞ்சவனுக்கே தெரியாது. செய்யறப்ப கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு பள்ளம் வுழுந்துபோவுது. திரும்ப அதே மாதிரி செய்யோணும்னா அவனாலயே ஆவாது. நம்ம ஊருக்காரங்களால எப்புடிங்க ஆகும்?”

அதை வைத்து அவர் போர்டுக்குப் பூட்டு போட்டார். போர்டுக்குக் கரண்டு கொடுத்ததும் அது முதலில் தன் ரேமின் முகத்தை, புரோகிராமில் எழுதி வைத்திருக்கிற முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தன்னுடையதுதான் என்றால் பச்சை விளக்கு. இல்லையென்றால் சிவப்பு விளக்கு, அதற்குமேல் ஒரு மீட்டர் நூல்கூட அளக்காது. யாராவது போர்டை அச்சாக நகலெடுத்து, உள்ளே இருக்கிற புரோகிராமையும் நகலெடுத்து, கடையில் அதே நம்பர் ரேமை வாங்கிப் போட்டால், சிவப்பு. சாம்பிள் இருந்தும் செய்ய முடியாது.

முதலில் செய்தவற்றைக் காரமடைப் பக்கம் ஒரு மில்லில் மாட்டினோம். மார்கழி மாதம். காலை ஷிப்டில் போன் வந்தது. எல்லா மெஷினிலும் சிவப்பு. நானும் அவரும் பஸ் பிடித்து ஓடினோம். மில் மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். ரேகை சார் ஒரு போர்டைக் கழற்றி, காதில் வைத்துக் கேட்பதுபோல வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி அதை அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, என்ன பண்றாருங்க அவரு?” என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்தால்தானே.

“குளுருங்க. முழிக்கறப்ப மொகம் கொஞ்சம் கோணிப்போவுது. சூடு ஏறட்டும்” என்றார் ரேகை சார்.

சூடு ஏறியது. மாட்டினார். பச்சை. அடுத்ததை எடுத்து அக்குளில் வைத்தார். நூல் சுற்றுகிற பெண்கள் மெஷினை விட்டுவிட்டு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மில் முழுவதையும் ஒரு மனிதர் தன் அக்குளில் வைத்து எழுப்பினார். இதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பமாட்டேன். பிறகு குளிருக்கு ஏற்ற மாதிரி புரோகிராமைக் கொஞ்சம் தளர்த்தினார். அந்தப் போர்டுகளை ஒருவராலும் காப்பியடிக்க முடியவில்லை.

விஷயம் வடக்கே போனது. நூல் மெஷின்களையே செய்கிற ஒரு பெரிய கம்பெனி, நேரில் பார்க்க ஆட்களை அனுப்புவதாகச் சொன்னது. பிடித்துப்போனால் அவர்கள் செய்கிற ஒவ்வொரு மெஷினிலும் எங்கள் போர்டு. ரேகை சாருக்குத் தனியாக ஒரு ஆய்வு அறை கட்டித் தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். அவர் அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டார். படித்த கல்லூரியில் சிரித்தார்கள், வேலை பார்த்த கல்லூரியில் சிரித்தார்கள், இவர்களாவது நம்பப் போகிறார்கள் என்று அம்மணியிடம் சொல்லிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, இத்தனையும் அந்த ஒருத்தர் தலைக்குள்ளதான இருக்குது? நாளைக்கு அவருக்கும் வடக்க இருந்து வர்றவனுக்கும் மார்க்கு தகராறு வந்தா, நம்ம கதி?”

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நானே செய்தேன். பயத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் பயம். மீதி, எங்கள் ஊரில் ஒன்றைக் காப்பியடிக்க முடியாது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ரேகை சார் ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, வடக்கத்திக்காரர்களுக்குக் காட்ட அவர் தயார்செய்து வைத்திருந்த போர்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு காந்திபுரம் போனேன். அங்கே ஒரு டிவி ரிப்பேர்க்காரர். சாம்பிள் கொடுத்தால் எதையும் செய்வார்.

“ரெண்டு நாள் குடுங்க, செஞ்சுபோடறேன்” என்றார்.

செய்துபோட்டார். நான் போனபோது இரண்டு போர்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூலை ஓட்டைகூட அப்படியே. அவர் தன் நகலை மாட்டினார். பச்சை விளக்கு.

பூட்டு உடைந்துவிட்டது. ரேகை சார் தோற்றுவிட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் செய்தோம் என்றும் இருந்தது. அசலை அலமாரியில் பழையபடி வைத்தேன். நகலை என் மேசை டிராயரில் பூட்டினேன்.

அசலை மாட்டிப் பார்க்கவில்லை. அசலை யாராவது சோதிப்பார்களா?

வடக்கிலிருந்து இருவர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மின்விசிறி சத்தம் போடாத ஒரே அறை என்னுடையது என்பதால் அங்கேதான் ஏற்பாடு. முதலாளி பட்டுக்கரை வேட்டியில் இருந்தார். ரேகை சார் அன்றைக்கும் இரண்டு நிறச் செருப்பில்தான். போர்டை மேசைமேல் வைத்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டார்.

சிவப்பு.

அணைத்துப் போட்டார். சிவப்பு. போர்டை எடுத்தார். நான் மனத்துக்குள் வேண்டாம் வேண்டாம் என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி, அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டை கட்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி கூரையைப் பார்த்தார். சித்திரை வெயில், குளிர் என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்து மாட்டினார். சிவப்பு.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. காந்திபுரத்துக்காரர் சிப்பின் கால்களை எண்ணிப் பார்க்க இரண்டு போர்டின் ரேமையும் கழற்றியிருக்கிறார். திருப்பிப் போடும்போது மாற்றிப் போட்டுவிட்டார். அவருக்கு என்ன, ஒரே கம்பெனி, ஒரே நம்பர். எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். நகலில் பச்சை எரிந்தது, அதில் அசல் சிப் இருந்ததால். அசலில் சிவப்பு எரிகிறது, அதில் இருப்பது கடைச் சிப் என்பதால். பூட்டு உடையவே இல்லை. எங்கள் ஊரின் மிகக் கெட்டிக்கார நகல்காரரே ஏமாந்திருந்தார். ரேகை சார் சொன்னதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் இல்லை. அது பூட்டிய டிராயரில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில்.

நான் வாய் திறக்கவில்லை.

ரேகை சார் அந்த ரேமை மெதுவாக நெம்பி எடுத்து, விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு வந்தவர்களிடம் ஆங்கிலத்தில், “என் தவறு. கணக்கில் எங்கேயோ விட்டுவிட்டேன்” என்றார். அவர்கள் மிகவும் சுவாரசியமாக இருந்தது என்று சொல்லிவிட்டு, இளநீரைக்கூட முடிக்காமல் கார் ஏறினார்கள்.

மாலையில் முதலாளி அவரை அழைத்து, “ஏனுங் சார், ஒடம்பைப் பாத்துக்குங்க. கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க. நாங்களே சொல்லி அனுப்பறோமுங்க” என்றார். எங்கள் பக்கம் வேலையை விட்டு நீக்குவதும் விருந்துக்கு அழைப்பதும் ஒரே குரலில்தான் நடக்கும். மறுநாள் காலை ரேகை சார் வழக்கம்போல வந்து, “ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது” என்று உட்கார்ந்துவிட்டார். முதலாளி வேர்த்துப்போய், “தம்பி, நீங்க கொஞ்சம் வெளக்கிச் சொல்லி பஸ் ஏத்தி உட்டுட்டு வாங்க” என்று என்னை அனுப்பினார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். “சார், மொதலாளி என்ன சொல்றாருங்கன்னா…” என்று ஆரம்பித்தேன்.

“சிரமப்படாதீங்க மேனேஜர், புரிஞ்சுதுங்க” என்றார். பையிலிருந்து சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இது நம்ம ஊட்டு இட்லி இல்லீங்க. பக்கத்துக் கடை.”

பிரித்தேன். அந்த ரேம்.

“நம்மது உங்க டிராயர்ல இருக்குதுங்க. பத்திரமுங்க.”

ரோட்டில் போன லாரிச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. “எப்புடிங்க…” என்றேன்.

“செவப்பு எரிஞ்சப்ப அத்தன பேரும் வெளக்கைப் பாத்தாங்க. நீங்க மட்டும் டிராயரைப் பாத்தீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே சார்.”

“சொன்னா பூட்டு நல்ல பூட்டுன்னு தெரிஞ்சிருக்கும். ஆரு கை வெச்சாங்கன்னும் தெரிஞ்சிருக்கும். வேத்து ஆளுங்க முன்னாடி எதுக்குங்க அது? என்னை ஊடு தேடி வந்து கூட்டிட்டு வந்தது நீங்கதானுங்களே.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி என் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தக் காப்பி போர்டுல நம்ம சிப்பைப் போட்டப்ப, பச்சை எரிஞ்சுதுங்களா?”

“எரிஞ்சுதுங்க.”

“மொத தடவையிலயேவா?”

“மொத தடவையிலயே.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தீங்களா. வேத்து ஊட்டுக்குப் போயும் மொகம் மாறலை.” பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பி, “குளுருல மட்டும் பாத்துக்குங்க” என்றார்.

வேலை போன மனிதர், அதைப் பறித்தவனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்து அந்த ஸ்டாப்பிலேயே வெகுநேரம் நின்றேன்.

முதலாளியிடம் சொன்னேனா? இல்லை. அவர் கோபமாக இருந்த நாளில் பயமாக இருந்தது. சந்தோஷமாக இருந்த நாளில் அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இந்த இரண்டைத் தவிர வேறு நாள் அவரிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பூட்டு போட ஆளில்லாத எங்கள் போர்டை மறுபடி எல்லோரும் காப்பியடித்தார்கள். கம்பெனி திரும்பவும் பம்புக்குப் போனது. சாக்பீஸ் கோடு மட்டும் கொஞ்ச காலம் தரையில் இருந்தது. முதலாளி காலமானபிறகு காரமடையில் அவர் வீடு இருந்த தெருவுக்குப் போய் விசாரித்தேன். ரேகை என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. செருப்பைச் சொன்னதும், “ஆருங்க, அந்த இட்லி சாருங்களா? அவரு ஊட்டைக் காலி பண்ணிட்டு எங்கியோ போய்ட்டாருங்களே” என்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையைப் புரட்டினேன். நகலெடுக்கவே முடியாத சிப் என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்களாம். நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரேம் விழிக்கிற முகத்தின் படமும் போட்டிருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள். பத்திரிகையை மூடிவைத்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இரண்டு போர்டும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ரேகை சாரின் அந்தச் சிப்பை, அது இருக்கவேண்டிய அசல் போர்டிலேயே மாட்டிவிட்டேன். அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். பச்சை எரியும். சிப்புக்கும் வயதாகிவிட்டது போல. மார்கழிக் காலையில் மட்டும் முதலில் சிவப்பு காட்டுகிறது. சட்டைப் பொத்தானைக் கழற்றி, போர்டை அக்குளில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறாள். சூடு சீக்கிரமே ஏறிவிடும். தெரிந்தும், இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.